ஆசிரியர்களுக்கான இணையவழிப் பயிற்சி: யாரை, எப்போது, எதற்குக் கூப்பிடுவது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் சில ஆண்டுகள் ஆசிரியர் பயிற்றுநராக இருந்தேன். இப்போது ஆசிரியர்களுக்கான இணையவழிப் பாடங்கள் தயாரிக்கும் குழுக்களுக்கு உதவி வருகிறேன். பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களிலும், தலைமையாசிரியர் அறைகளிலும், கூட்டம் முடிந்து நிற்கும் டீக்கடைகளிலும் "பயிற்சியில் பங்குதாரர்கள் எல்லாரையும் ஈடுபடுத்த வேண்டும்" என்று நான் சொல்லும்போது திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள் இவை. கேட்டவர்களில் ஆசிரியர்களே அதிகம். சில பெற்றோரும் இரண்டு கம்பெனிக்காரர்களும் உண்டு. பதில்களில் என் சொந்த அபிப்பிராயமும் கலந்திருக்கிறது.

"பங்குதாரர்கள்" என்கிறீர்களே, யார் அவர்கள்?

அந்தச் சொல்லே கொஞ்சம் சங்கடம்தான். பங்குதாரர் என்றால் ஷேர் மார்க்கெட் ஞாபகம் வருகிறது. பங்காளி என்று எழுதினாலோ வரப்புச் சண்டை ஞாபகம் வருகிறது. பயிற்சி உருப்பட்டால் பலனும், கெட்டால் சுமையும் யார் தலையில் விழுமோ, அவர்கள் எல்லாரும் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர், தலைமையாசிரியர், ஆசிரியர் பயிற்றுநர், வட்டாரக் கல்வி அலுவலர், மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவன விரிவுரையாளர், கல்லூரிச் சாலை வளாகத்தில் இருக்கும் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம், பள்ளி மேலாண்மைக் குழு, ஆசிரியர் சங்கங்கள், செயலி எழுதுபவர்கள், பணம் கொடுப்பவர்கள். மாணவர்களை மறந்துவிடுவது வழக்கம். பாருங்கள், நானும் கடைசியில்தான் எழுதுகிறேன்.

சென்னையில் கூடுதலாக ஒரு சிக்கல். மாநகராட்சியின் சென்னைப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி, மெட்ரிக் பள்ளி, சிபிஎஸ்இ பள்ளி எல்லாம் அரை கிலோமீட்டருக்குள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நிர்வாகம் வேறு, உத்தரவு வரும் வழி வேறு. ஏழாம் வகுப்புக் கணக்கு எடுப்பவருக்கு இருக்கும் தலைவலி மட்டும் நான்கிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இணையவழிப் பயிற்சிதான் பல வருடமாக நடக்கிறதே. இனிமேல் யாரை ஈடுபடுத்த?

நடக்கிறது, மறுக்கவில்லை. திக்‌ஷா என்ற மத்திய அரசின் கற்றல் தளம் 2017 செப்டம்பர் 5 அன்று வந்தது. 2018இல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு ஏறியது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி. அதே மாதம் நாடு முழுவதற்குமாக நிஷ்தா என்ற மத்திய அரசின் ஆசிரியர் பயிற்சி நேரடி வகுப்பாகத் தொடங்கி, கொரோனா வந்ததும் 2020 அக்டோபரில் 18 தொகுதிகளோடு திக்‌ஷாவுக்கு இடம் மாறியது. தமிழ்நாட்டில் அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் கணினிகள் கொண்ட உயர் தொழில்நுட்ப ஆய்வகம் இருக்கிறது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினியும் கொடுக்கப்பட்டது.

ஆக, கருவியும் பாடமும் கைக்கு வந்தாயிற்று. என் வருத்தம் வேறு. பெரும்பாலான பயிற்சிகளில் மேலே சொன்ன பட்டியலில் இருப்பவர்கள் பார்வையாளர்களாகத்தான் வருகிறார்கள். பாடம் தயாராகி, தொடக்க விழா முடிந்து, சுற்றறிக்கை கிளம்பிய பிறகு "உங்கள் மேலான ஒத்துழைப்பை நல்குக" என்று ஒரு வரி வரும். சமையல் முடிந்து இலையும் போட்ட பிறகு என்ன காய் வேண்டும் என்று கேட்பது மாதிரி.

ஆசிரியர்களை எந்தக் கட்டத்தில் கூப்பிட வேண்டும்?

எழுதத் தொடங்கும் முன். முடிந்தால் தலைப்பு முடிவாகும் முன்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். குழுச் செயல்பாடு பற்றி ஒரு பாடம் தயாரித்தோம். படப்பிடிப்பு நடந்த அறையில் இருபது பிள்ளைகள், வண்ண நாற்காலிகள், நடுவில் வட்ட மேசை. பார்க்க லட்சணமாக இருந்தது. வெளியிடுவதற்கு முன் பெயருக்கு ஒரு முன்னோட்டம் வைத்தோம். காசிமேட்டிலிருந்து வந்திருந்த ஒரு பட்டதாரி ஆசிரியை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுக் கை தூக்கினார். "சார், என் கிளாஸ்ல நாப்பத்து மூணு பேர். பெஞ்ச் எல்லாம் இரும்பு. ஒரு பெஞ்ச நகர்த்தினா கீழ் கிளாஸ் டீச்சர் மேலே வந்துடுவாங்க, சத்தத்துக்கு." அறையே சிரித்தது, எங்களுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவரே பிறகு, முன்வரிசைப் பிள்ளைகளை அப்படியே பின்பக்கம் திருப்பி உட்காரவைத்து நான்கு நான்கு பேராகப் பிரிப்பதைச் செய்து காட்டினார். பெஞ்சு நகரவே இல்லை. எங்கள் வீடியோவின் பாதியைத் தூக்கிவிட்டு அதைச் சேர்த்தோம். அவரை இரண்டு மாதம் முன்பே கூப்பிட்டிருந்தால் படப்பிடிப்புச் செலவு மிச்சமாகியிருக்கும்.

இது நமக்குத் தெரியாத வித்தையும் இல்லை. நம் பாடநூல்களை எழுதும் குழுக்களில் பணியில் இருக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அவர்கள் பெயரும் பள்ளியும் அச்சாகிறது. பாடநூலுக்குச் செய்வதை இணையப் பயிற்சிக்கும் செய்யலாம். ஒன்று மட்டும்: எப்போதும் வரும் அதே பத்துப் பேரையே கூப்பிடாதீர்கள். மேடையில் நன்றாகப் பேசுபவர்களுக்குப் பயிற்சி ஏற்கெனவே கைவந்த கலை. கூட்டத்தில் வாயே திறக்காமல் கடைசி வரிசையில் உட்காருபவர்தான் நமக்கு வேண்டியவர்.

வீடியோவை ஓடவிட்டு வேறு வேலை பார்க்கிறார்களே, ஆசிரியர்களுக்கே அக்கறை இல்லையே?

வியாசர்பாடிப் பக்கம் ஒரு பள்ளி, மதியச் சாப்பாட்டு நேரம். எவர்சில்வர் டிபன் பாக்ஸ் மேல் சாய்த்து வைத்த கைபேசியில் ஒரு விரிவுரை சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கைபேசிக்குச் சொந்தக்காரர் கட்டுரை நோட்டு திருத்திக்கொண்டிருந்தார். நடுநடுவே இடது கை ஆள்காட்டி விரலால் திரையில் ஒரு தட்டு, அணைந்துவிடக் கூடாதே என்று. என்னைப் பார்த்ததும் பதறவெல்லாம் இல்லை. "இன்னும் பதினொரு நிமிஷம் சார். அப்புறம் கேள்வி வரும். விடை குரூப்ல இருக்கு" என்றார்.

அவரை அக்கறை இல்லாதவர் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த நோட்டுகளில் ஒவ்வொரு சந்திப்பிழையையும் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு நேரம் இல்லை, அவ்வளவுதான். காலையில் எமிஸ் என்ற கல்வித் துறைத் தகவல் தளத்தில் வருகைப்பதிவு, நடுவில் ஏதாவது விவரம் கேட்டு ஓர் அவசரத் தகவல், ஆசிரியர் ஒருவர் விடுப்பு என்றால் அந்த வகுப்பும் சேர்த்து. இதற்கு மேல் பயிற்சி என்றால் அது சாப்பாட்டு நேரத்திலோ, ராத்திரி பாத்திரம் கழுவிய பிறகோதான்.

அமைப்பும் இதற்குத் துணைபோகிறது. வீடியோ முழுதாக ஓடியதா என்று மட்டும் தளம் கணக்கெடுக்கும். நிஷ்தா பாடங்களில் இறுதி வினாடி வினாவில் 70 சதவீதம் எடுத்தால் சான்றிதழ். எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கேள்வி, எல்லாரும் ஒரே வாட்ஸ்அப் குழு. விடை பரவாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அப்படியானால் தலைமையாசிரியர் என்ன செய்ய முடியும்?

என்னைக் கேட்டால், இந்த முழுப் பட்டியலில் அதிகம் சாதிக்கக்கூடியவர் அவர்தான். நாம் அவரிடம் கேட்பதோ "எத்தனை பேர் முடித்தார்கள்?" என்ற ஒரு கணக்கு மட்டும்.

கால அட்டவணையில் வாரத்துக்கு ஒரு பாடவேளை. அது போதும். ஒரே பாடம் எடுக்கும் இரண்டு பேருக்கு, அல்லது ஒரே வகுப்புக்குப் போகும் மூன்று பேருக்கு, ஒரே நேரத்தில் ஓய்வுப் பாடவேளை விழும்படி செய்தால், அவர்கள் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஒன்றாக உட்கார்ந்து ஒரு வீடியோவைப் பார்த்து, நடுவில் நிறுத்தி, "இது நம்ம எட்டு பி-க்கு நடக்குமா?" என்று பேசிக்கொள்ளலாம். தனியாக ஒரு மணி நேரம் பார்ப்பதைவிட இப்படி இருபது நிமிடம் பார்ப்பது மேல். அட்டவணை போட்டுப் பழகியவர்களுக்குத் தெரியும், இது சொல்வது போல் சுலபம் இல்லை. ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கும் பள்ளியில் நடக்கவே நடக்காது. ஈராசிரியர் தொடக்கப் பள்ளியில் கேட்கவே வேண்டாம். அங்கெல்லாம் குறுவள மையச் சனிக்கிழமையைத்தான் இதற்குப் பயன்படுத்த வேண்டும்.

தலைமையாசிரியர் தானும் அந்தப் பாடத்தை முடித்திருக்க வேண்டும். "நீங்க பாத்தீங்களா சார்?" என்று யாரும் அவரைக் கேட்க மாட்டார்கள். ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

இணையத்தில் எல்லாம் வந்துவிட்டால் ஆசிரியர் பயிற்றுநர்களுக்கு என்ன வேலை?

முன்பைவிட அதிகம். அரங்கில் நின்று பவர்பாயின்டை வரி வரியாக வாசிக்கும் வேலை போய்விட்டது. அது போனதில் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. வகுப்பறைக்குப் போய், பாடத்தில் பார்த்ததை ஆசிரியர் செய்துபார்க்கும்போது பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்து, பிறகு பத்து நிமிடம் பேசும் வேலை இருக்கிறது. அதை எந்தச் செயலியும் செய்யாது. பயிற்றுநர்களைத் தகவல் சேகரிப்பவர்களாகவும் பட்டியல் சரிபார்ப்பவர்களாகவும் மாற்றிவிட்டால் இதற்கும் ஆள் இருக்காது.

பெற்றோருக்கு இதில் என்ன சம்பந்தம்?

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

வடசென்னையில் ஒரு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். கட்டட ரிப்பேர், கழிவறைத் தண்ணீர் எல்லாம் பேசி முடித்ததும், ஓர் அம்மா எழுந்து கேட்டார்: "டீச்சருங்க எப்பப் பாத்தாலும் போன்ல என்னமோ பாத்துட்டே இருக்காங்கன்னு எம்பொண்ணு சொல்லுது. என்ன பாக்குறாங்க?" கேள்வியில் குத்தல் இருந்தது. தலைமையாசிரியை கோபப்படவில்லை. மறுநாளே அறிவிப்புப் பலகையில் ஒரு வெள்ளைத்தாள் ஏறியது: இந்த மாதம் எங்கள் ஆசிரியர்கள் என்ன படிக்கிறார்கள், எந்த வகுப்பில் அதைச் செய்துபார்க்கப் போகிறார்கள். நாலே வரி, ஸ்கெட்ச் பேனாவில். அடுத்த கூட்டத்தில் அதே அம்மா, "அந்தப் படிக்கிற பயிற்சி எங்க பொண்ணு கிளாஸுக்கு எப்ப வரும்?" என்று கேட்டார். ஒரு வெள்ளைத்தாள் செய்த வேலை.

கல்வி உரிமைச் சட்டம் 2009இன்படி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022இல் இந்தக் குழுக்களைப் புதுப்பித்தார்கள். 2024இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். பயிற்சியின் பாடத்திட்டத்தை அவர்கள் தீர்மானிக்க வேண்டாம். ஆனால் "பிள்ளைக்கு வாய்ப்பாடு தெரியும், கணக்கு வார்த்தையில் வந்தால் தடுமாறுகிறான்" என்பது மாதிரியான ஒரு வரி எந்தத் தேவை ஆய்விலும் எளிதில் கிடைக்காது. முன்னாள் மாணவர்களில் யாராவது ஓஎம்ஆர் பக்கம் ஐடி கம்பெனியில் வேலை பார்த்தால், சனிக்கிழமை வந்து ஆய்வகக் கணினிகளைச் சரிபார்த்துத் தரச் சொல்லலாம். கேட்டால் வருவார்கள். யாரும் கேட்பதில்லை.

மாணவர்களிடமும் கேட்கலாமா?

தாராளமாக. "சார் புதுசா ஏதாவது செஞ்சாரா, அது புரிஞ்சதா?" என்று இரண்டே கேள்வி. பெயர் எழுதாத துண்டுச்சீட்டு. ஆசிரியரை மதிப்பிடுவதற்கு இதைப் பயன்படுத்தக் கூடாது. அப்படிச் செய்தால் அடுத்த முறை எல்லாச் சீட்டிலும் "சூப்பர்" என்றுதான் இருக்கும்.

சங்கங்கள் எதிர்க்குமே?

சங்கங்கள் என்ன கேட்கின்றன என்று உட்கார்ந்து கேட்டீர்களா? நான் கேட்டவரை நான்கு விஷயம்தான்: விடுமுறை நாளில் பயிற்சி என்றால் ஈடுசெய் விடுப்பு, சொந்தக் கைபேசியையும் சொந்த டேட்டாவையும் பயன்படுத்தச் சொல்லாதது, மதிப்பெண்ணை வைத்து விளக்கம் கேட்டு மெமோ கொடுக்காதது, எமிஸ் வேலையைக் குறைப்பது. இதில் எதுவும் அநியாயமாக எனக்குப் படவில்லை. மூன்றாவதை எழுத்தில் கொடுத்துவிட்டாலே பாதி விறைப்பு குறையும். மதிப்பெண் தண்டனையாக மாறும் இடத்தில் யாரும் தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ள மாட்டார்.

பாடங்கள் தமிழில்தானே இருக்கின்றன, பிறகென்ன குறை?

எழுத்து தமிழ், வாக்கியம் வேறு எங்கோ பிறந்தது. சில தொகுதிகளை நான் மூன்று முறை வாசித்த பிறகுதான் எழுவாய் எங்கே என்று கண்டுபிடித்தேன். இரண்டு ஆசிரியர்களை உட்காரவைத்துச் சத்தம்போட்டு வாசிக்கச் சொல்லுங்கள். அவர்கள் தடுமாறும் இடத்தையெல்லாம் மாற்றுங்கள். இதைவிட மலிவான தரச் சோதனை கிடையாது.

பார்வையற்ற ஆசிரியர்கள் இந்தப் பாடங்களை எப்படிப் படிப்பார்கள்?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் ஒரே ஒருவர்தான். இன்னும் பலர் கேட்டிருக்க வேண்டும். அரசுப் பள்ளிகளில் பார்வையற்ற ஆசிரியர்கள் நிறையப் பேர் வேலை பார்க்கிறார்கள். ஸ்கேன் செய்து ஏற்றிய பிடிஎஃப் திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக்காட்டும் அவர்களுடைய திரைவாசிப்பானுக்கு வெறும் படம்; நேரடியாக ஓர் எழுத்துகூட வாசிக்காது. இழுத்துப் பொருத்தும் "பொருத்துக" வினாவையும் திரைவாசிப்பானால் பெரும்பாலும் கையாள முடியாது. என்னிடம் கேட்டவர், வினாடி வினாவை மகளைப் படிக்கச் சொல்லி எழுதியதாகச் சொன்னார். சான்றிதழ் வந்துவிட்டதாம். "யார் பேருக்கு சார் குடுத்திருக்கணும்?" என்று சிரித்தார்.

தீர்வு ஒன்றும் பெரிய செலவில்லை. யூனிகோடில் எழுதிய உரை, படத்துக்கு விளக்கம், வீடியோவுக்கு எழுத்து வடிவம். அந்த எழுத்து வடிவம் மின்சார ரயிலில் சத்தத்தை அணைத்துவிட்டுப் படிப்பவர்களுக்கும் உதவும். சோதிக்கும் குழுவில் பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தால் இதெல்லாம் முதல் நாளே தெரிந்துவிடும்.

கம்பெனிகள் உதவ முன்வந்தால்?

வரட்டும். 2013 கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருக்கும் நிறுவனங்கள் மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். சென்னையில் அப்படிப்பட்ட நிறுவனங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பணம் கொடுப்பவர் பாடத்தையும் கொண்டுவருகிறேன் என்றால் உஷாராக இருக்க வேண்டும். திட்டம் மூன்று வருடத்தில் முடிந்ததும் தளமும் மறைந்துவிட்டதைப் பார்த்திருக்கிறேன். ஆசிரியர்கள் ஏற்றிவைத்த பாடத்திட்டங்களும் அதோடு போயின. அதனால் முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும்: உள்ளடக்கம் யாரும் எடுத்துப் பயன்படுத்தும் உரிமத்தில் இருக்க வேண்டும், கோப்புகளின் ஒரு பிரதி அரசு நிறுவனத்திடம் இருக்க வேண்டும், ஆசிரியர்களின் கைபேசி எண் வேறு எதற்கும் போகக் கூடாது.

தனியார் பள்ளி ஆசிரியர்கள்?

சிபிஎஸ்இ பள்ளி என்றால் ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி கட்டாயம், ஏதோ ஒரு வகையில் நடந்துவிடும். சின்ன மெட்ரிக், நர்சரிப் பள்ளி ஆசிரியர்கள்தான் அந்தரத்தில் நிற்பவர்கள். சம்பளமும் குறைவு, பயிற்சியும் இல்லை. திறந்த தளத்தில் இருக்கும் பாடத்தை அவர்களும் பார்க்கலாம். அதை அவர்களுக்கு யார் சொல்வது?

பக்கத்து மாநிலங்களில் எப்படி?

கேரளத்தைப் பாருங்கள். 2001இல் பள்ளிகளில் கணினியைக் கொண்டுவர ஐடி அட் ஸ்கூல் திட்டம் வந்தது. 2017இல் அது கைட் என்ற அரசு நிறுவனமானது. அங்கே எனக்குப் பிடித்தது இரண்டு. பயிற்சி கொடுத்தவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்களே. உயர்நிலைப் பள்ளியில் ஓர் ஆசிரியரே தகவல் தொழில்நுட்ப ஒருங்கிணைப்பாளர். கணினி மக்கர் செய்தால் கம்பெனிக்காரருக்குப் போன் போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை, பக்கத்து வகுப்பில் இருப்பார். இன்னொன்று, கட்டற்ற மென்பொருள். தங்களுக்கு வேண்டியபடி அவர்களே மாற்றிக்கொண்டார்கள். 2018இல் லிட்டில் கைட்ஸ் என்று மாணவர் குழுக்களும் வந்தன. அப்படியே நகலெடுக்க முடியாது, நம் பள்ளிகளின் எண்ணிக்கை வேறு. ஆனால் "ஆசிரியரே பயிற்சியாளர்" என்பதை எடுத்துக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப் குழு போதாதா?

காலை வணக்கம், பிறந்தநாள் வாழ்த்து, "மிக அவசரம்" என்று தொடங்கும் சுற்றறிக்கை, இவற்றுக்கு நடுவே ஒருவர் பின்னக் கணக்கு பற்றிக் கேட்ட நல்ல கேள்வி ஒன்று மேலே போய்விடும். பாடத்துக்கு ஒரு தனிக்குழு, ஐம்பது பேருக்கு மேல் வேண்டாம், அலுவலர்கள் அதில் இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது.

பயிற்சியால் பலன் இருந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பயிற்சிகளை மதிப்பிடுவது பற்றி எழுதிய அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் நான்கு படிகள் சொன்னார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, முடிவில் விளைவு என்ன. நாம் முதல் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறோம், அதுவும் அரைகுறையாக. "100 சதவீதம் நிறைவு" என்று பச்சை நிறம் காட்டும் பட்டியல் அலுவலகத்துக்கு நிம்மதி, வேறொன்றும் இல்லை.

மூன்றாவது படிக்கு என் சிபாரிசு: பாடம் முடிந்து ஆறு வாரம் கழித்து ஒரு பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து ஒரு பாடவேளை பார்க்கட்டும். அல்லது ஆசிரியரே இரண்டு நிமிடக் குரல்பதிவில் சொல்லட்டும், எதைச் செய்துபார்த்தேன், எங்கே சொதப்பியது என்று. சொதப்பியதைச் சொன்னவருக்குத்தான் முதலில் கைதட்ட வேண்டும்.

எல்லாரையும் சேர்த்து முதல் கூட்டம் போட வேண்டும். எப்படி நடத்துவது?

பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். அலுவலகத்தில் வைக்காமல் ஒரு பள்ளியில், வகுப்பறையில் வையுங்கள். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தால்தான் சில விஷயம் உறைக்கும். வேலை நாளில், ஆசிரியர்களுக்குப் பணிநேரமாகக் கணக்கிட்டு. பொன்னாடை, வரவேற்புரை, குத்துவிளக்கு எதுவும் வேண்டாம். பதவியில் மூத்தவர் கடைசியில் பேசட்டும். அவர் முதலில் பேசினால் மற்ற எல்லாரும் "சார் சொன்ன மாதிரி" என்றுதான் தொடங்குவார்கள். பெற்றோரை மூன்றாவது ஆளாகப் பேசவிடுங்கள், முதலில் விட்டால் கூச்சம், கடைசியில் விட்டால் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும்.

முடியும்போது ஒவ்வொருவர் கையிலும் ஒரு முடிவெடுக்கும் வேலை இருக்க வேண்டும். எந்தப் பாடம் முதலில் என்பது ஆசிரியர்களுடையது. எந்தப் பாடவேளை என்பது தலைமையாசிரியருடையது. எந்த எமிஸ் பதிவை அந்த மாதம் தள்ளிப்போடலாம் என்பது அலுவலருடையது. இந்தக் கடைசி ஒன்றைக் கேட்டதும் அறை அமைதியாகிவிடும். அவசரப்பட்டு நீங்கள் பேசிவிடாதீர்கள், அவர் பதில் சொல்லட்டும். அதற்குள் டீ வந்துவிடும்.